சின்ன பில்லுக்கு அன்னிக்கே பணம், பெரிய பில்லுக்கு நாமம்: சொந்தமா சர்வீஸ் ஆரம்பிக்கிறவங்க படிங்க

பதினோரு வருஷம் பெரம்பூர்ல ஒரு ஏசி டீலர்கிட்ட டெக்னீஷியனா இருந்துட்டு, போன வருஷம் பிப்ரவரியில வேலையை விட்டேன். கடைசி பேசிக் 13,000. கிராஜுவிட்டி 82,500 வந்துச்சு. அதுல வேக்குவம் பம்ப், கேஜ் செட், ஃப்ளேரிங் டூல், ஜெட் பம்ப், ஒரு பழைய பைக். வியாசர்பாடியில வீட்டு வாசல்லயே போர்டு மாட்டி, கூட ஒரு பையனையும் சேர்த்துக்கிட்டேன். ஜூன் வரைக்கும் கொளத்தூர், மூலக்கடை, கொடுங்கையூர்னு ஓட்டம்தான். ஆடி பொறந்ததும் போன் அடிக்கிறது நின்னுபோச்சு. மாச சம்பளம் வாங்கிப் பழகினவனுக்கு அந்த அமைதி ரொம்ப பயமா இருக்கும். அந்த நேரம் பார்த்துதான் அந்த கான்ட்ராக்டர் வந்தாரு. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு, அதனால பேரு போடல.

ஆபீஸ், கிடங்குன்னு மொத்தமா மெயின்டனன்ஸ் எடுத்து, நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறவரு. முதல்ல தண்டையார்பேட்டையில ஒரு கிளினிக், 3,600 ரூபா. சாயந்திரமே பணம் போட்டாரு. அடுத்து ராயபுரத்துல 8,400. நான் மாடி இறங்கி பைக்கை எடுக்கிறதுக்குள்ள போன்ல பணம் வந்த சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்குப் போய், "நல்ல மனுஷன் கிடைச்சிருக்காரு"ன்னு சொன்னேன். அந்த ரெண்டு பில்லும் தூண்டில்ல கோர்த்த புழுன்னு அப்போ தெரியல.

மூணாவது வேலை எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டோட ஆபீஸ் கட்டடம். 46 ஸ்ப்ளிட் ஏசி. கடல் காத்து படற இடத்துல ஏசி வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும், உள்ள இருக்கிற யூனிட் பளபளன்னு இருக்கும், வெளிய இருக்கிறதுதான் செத்துக்கிடக்கும். அவுட்டோர் மூடியைக் கழட்டி அலுமினிய தகட்டுல விரல் வெச்சா, விபூதி மாதிரி உதிருது. காப்பர் வளைவெல்லாம் பச்சை. எண்ணெய்க் கறை இருக்கிற இடத்துல சோப்பு நுரை தடவி நைட்ரஜன் ஏத்தினா ஊசி முனை அளவு குமிழி விடும், அங்கதான் லீக். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து 14 மெஷின்ல லீக் பிடிச்சு அடைச்சு கேஸ் ஏத்தினோம். அஞ்சுல காயிலே போச்சு, புதுசு மாத்தினோம். நானும் பையனும் ஒன்பது நாள், ஒரு ஞாயிறு கூட விடாம.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேட்டேன். "அண்ணா, ஒரு ஒர்க் ஆர்டர் கொடுங்க, மெட்டீரியலுக்குப் பாதி அட்வான்ஸ் கொடுங்க." அவரு தோள்ல கை போட்டு, "நமக்குள்ள இன்னா தம்பி பேப்பரு? நீ வேலைய ஆரம்பி, துட்டு எங்க ஓடிடப் போவுது?"ன்னாரு. ரேட்டு எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ்ல. காயில், காப்பர், கேஸ் சிலிண்டர்னு 68,000 என் கையில இருந்து போச்சு. அதுல 60,000 சம்சாரம் செயினை அடகு வெச்சது.

மொத்த பில் 1,14,300. முதல் மாசம் "கம்பெனி பாஸ் பண்ணல". ரெண்டாவது மாசம் "ஆடிட் நடக்குது". அப்புறம் போனையே எடுக்கல. நேரா எர்ணாவூருக்கே போனேன். அங்க அக்கவுன்ட்ஸ்ல இருந்த அம்மா ஒண்ணும் பேசாம கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாங்க. வேலை முடிஞ்ச பன்னிரண்டாம் நாளே கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் போயிருக்கு. படி இறங்கும்போது காலு நடுங்குச்சு. அன்னிக்கே அவருக்கு அந்த விஷயத்தை மெசேஜ் போட்டேன். பதில் வந்துச்சு: "நீ செஞ்ச வேலையில ரெண்டு ஏசி கூலிங் இல்ல, அதான் நிறுத்தி வெச்சேன்." ரெண்டரை மாசம் கழிச்சு!

இந்த இடத்தை நிதானமா படிங்க. 2006-ல வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் நம்ம மாதிரி சர்வீஸ் தொழிலுக்கும் உண்டு. வேலை முடிச்சு 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா, அவங்க வேலையை ஏத்துக்கிட்டதா அர்த்தம். எழுதி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டி பணத்தை இழுக்க முடியாது. தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, கூட்டு வட்டி. இதுக்குன்னு இருக்கிற அரசாங்கத் தளத்துல புகார் போட்டா, பணப் பாக்கித் தகராறைத் தீர்த்து வைக்கிற வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். நம்ம மாநிலத்துல சென்னை, கோவை, மதுரை, திருச்சியில கவுன்சில் இருக்கு.

ஆனா அதுக்கு உத்யம் பதிவு, அதாவது நம்மளது சின்ன தொழில்னு அரசாங்கத்துகிட்ட பண்ற பதிவு வேணும். நான் பதிவு பண்ணது இந்த வேலை முடிஞ்சதுக்கு அப்புறம். "வேலை நடந்தப்போ பதிவு இல்லையேன்னு எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்கும்"னு வக்கீல் சொன்னாரு. ஆதாரும் பான் கார்டும் வெச்சு வீட்ல உட்கார்ந்து போன்லயே பண்ற வேலை, ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கிற தனியார் தளங்கள் இதுக்குப் பணம் கேட்கும், அங்க கட்டிடாதீங்க. போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி இதை முடிச்சிருந்தா என் கதை வேற.

என்னைக் கொஞ்சமாவது காப்பாத்தினது போட்டோதான். பழைய கம்பெனி பழக்கத்துல ஒவ்வொரு மெஷினோட சீரியல் நம்பரையும், கேஸ் ஏத்தினப்போ கேஜ் முள்ளையும் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். அதை நோட்டீஸோட அனுப்பின பிறகு 30,000 வந்துச்சு. மீதி 84,300 இன்னும் வரல. பையனுக்குச் சம்பளத்தை நாலு தவணையா கொடுத்து முடிச்சேன். செயின் இன்னும் அடகுக்கடையிலதான் இருக்கு.

இப்போ யாரா இருந்தாலும், எவ்வளவு பழக்கமா இருந்தாலும், மெட்டீரியல் காசு கையில வந்தாதான் காயிலைத் தொடுறேன். என்னென்ன வேலை, என்ன ரேட்டு, எத்தனை நாள்ல பணம்னு ஒரே பக்கத்துல எழுதி, உத்யம் நம்பரைப் போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்து. அன்னன்னிக்கு முடிச்ச மெஷினுக்கு அந்தக் கட்டடத்து ஆளுகிட்டயே சீல் வாங்கிடுறேன். போன மாசம் மாதவரத்துல ஒருத்தர் "கையெழுத்தெல்லாம் எதுக்கு"ன்னாரு. கும்பிட்டுட்டு வந்துட்டேன், அந்த வாரம் வேற வேலை இல்லாதபோதும்.

அந்தப் படிவம் தமிழ்லயே இருக்கு. ஏசி, பிளம்பிங், எலக்ட்ரிக்கல் யாருக்கு வேணும்னாலும் கேளுங்க, அனுப்புறேன்.