சைனா டவுன் நடைச் சுற்றுலா: அந்த அரை மணி நேரத்துக்காகவே போகலாம்

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். பாலத்தையும் கடலையும் காட்டி முடித்த பிறகு, சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனை நடந்தபடியே விளக்கும் ஒரு சின்னக் குழுவில் பதிவு செய்தேன். ஆளுக்கு 30 டாலர்.

போர்ட்ஸ்மத் சதுக்கத்தில் ஆரம்பம். வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய ஒரு சீன அம்மா. கோயில், மூலிகைக் கடை எல்லாம் வழக்கமானதுதான். அப்புறம் 1882க்கு வந்தார். நான் சொல்லும் அந்த அரை மணி நேரம் இங்கேதான் ஆரம்பம். சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்ட வருடம். வணிகர்களுக்கும் மாணவர்களுக்கும் விலக்கு உண்டு என்றாலும், துறைமுகத்தில் அவர்களையும் குற்றவாளிகளைப் போலக் குடைந்திருக்கிறார்கள். விசாவுக்காக வரிசையில் நின்று பழகிய எனக்கு அந்தக் கோபம் உடனே புரிந்தது.

1905 மே மாதம் சீனாவில் ஷாங்காய் வணிகர்கள் கூடி, இதை மாற்றச் சொல்லி அமெரிக்காவுக்கு இரண்டு மாதம் கெடு வைத்தார்கள். எதுவும் மாறவில்லை. ஜூலை 20 முதல் அமெரிக்கச் சரக்கு வேண்டாம் என்றார்கள். மண்ணெண்ணெய், மாவு, துணி, சிகரெட். "விளக்கெரிக்கிற எண்ணெயைக் கூடவா?" என்று அப்பா கேட்டார்.

அந்த அம்மா பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு படத்தை எடுத்தார். ஆமைகள் பல்லக்குத் தூக்குகின்றன, உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண். அப்போதைய அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ், தென்சீன நகரமான கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) வந்தபோது ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்து வரைந்ததாம். ஆமை என்பது அங்கே மோசமான வசவு. அவளைத் தூக்குகிறவன் ஆமை என்று அர்த்தம். பல்லக்குத் தூக்கியைக் கூடப் போராட்டத்துக்குள் இழுத்த அந்தப் படத்தை அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

ஜெயித்தார்களா என்று கேட்டேன். பூசி மெழுகாமல் சொன்னார். சரக்கு தேங்கியதும் ஷாங்காய் வணிகர்கள் தளர்ந்தார்கள். சீன அரசும் போராட்டத்துக்குத் தடை ஆணை போட்டது. கான்டன் மட்டும் 1906 வரை தாக்குப்பிடித்தது. அதிகாரிகள் மரியாதையாக நடக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார், ஆனால் சட்டம் 1943 வரை போகவில்லை. போன பிறகும் வருடத்துக்கு 105 பேருக்குத்தான் இடம்.

ஒரே குறை, மைக் கிடையாது. ஸ்டாக்டன் தெரு இரைச்சலில் அப்பாவுக்குப் பாதி கேட்கவில்லை. அதைக் கவனித்து, அவர் பக்கத்தில் வந்து நின்று மறுபடி சொன்னார் அந்த அம்மா. ஏற்றம் அதிகம், முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். போனால் முன்வரிசையில் நில்லுங்கள், அந்த ஆமைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.