நாகேஷ்: எந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பது

நாகேஷின் உச்சம் 'திருவிளையாடல்' (1965) படத்தின் ஏழைப் புலவர் தருமிதான். சிவனாக வரும் சிவாஜிக்கு எதிரே நின்று காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். இணையத்தில் துண்டு வீடியோவாகப் பார்ப்பவர்கள் கேள்வி–பதிலில் தொடங்கிவிடுகிறார்கள், அது தவறு. அதற்கு முன் கோயிலில் மன்னன் அறிவித்த 1000 பொன் பரிசை நினைத்துத் தனியாகப் புலம்புகிறாரே, அங்கிருந்து பாருங்கள். ஆசை, ஆதங்கம், பயம் மூன்றும் அந்த ஒல்லி உடம்பில் மாறி மாறி ஓடும். அந்தப் புலம்பல் இல்லாமல் பிறகு வரும் பதற்றத்துக்குக் கனமில்லை.

'காதலிக்க நேரமில்லை'யில் (1964) செல்லப்பாவாக வரும் நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை நாகேஷை மட்டும்: வாயாலேயே சத்தங்களை எழுப்பி, கையாலும் கண்ணாலும் இருட்டை உண்டாக்குகிறார். அடுத்த முறை பாலையாவின் முகத்தை மட்டும். கேட்பவர் மிரண்டால்தான் சொல்பவர் ஜெயிக்க முடியும், பாலையா அசலாக மிரள்கிறார்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) வைத்தி வேறு ரகம். குழைவும் கயமையும் ஒரே சிரிப்பில் வரும்.

'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பிணமாக வருகிறார். வசனமே கிடையாது. சுற்றியிருப்பவர்கள் இழுத்த இழுப்புக்கெல்லாம் உடம்பை விட்டுக்கொடுத்தே சிரிக்க வைக்கிறார். அதே ஆண்டு வந்த 'நம்மவர்' அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. மகளை இழந்த தகப்பனாக அவர் உடையும் காட்சியை அவசியம் பாருங்கள்.