செயற்கை மூட்டு, ஓராண்டுக்குப் பிறகு: எது உதவியது, எது வீண் செலவு

முழங்கால் மூட்டு மாற்றியவரைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது, "எவ்வளவு மடக்க முடியுது?" என்றுதான். "முழுசா நீட்ட முடியுதா?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஓராண்டு கழித்து நடையைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான். 105 டிகிரி மடங்கி முழுதாக நீளும் கால், 125 மடங்கியும் கடைசி 10 டிகிரி நீளாமல் நிற்கும் காலைவிட எவ்வளவோ மேல். நீளாத கால் ஒவ்வோர் அடியிலும் சற்று மடங்கியபடியே தரையில் பதியும். தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது. ஒரு கால் குட்டையானதுபோல நடை சாயும், இடுப்பு வலியும் கூடவே வந்து சேரும்.

இந்தக் கோளாறு பெரும்பாலும் ஒரு தலையணையில் ஆரம்பிக்கிறது. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது கால் சற்று மடங்கியிருந்தால்தான் உள்ளே அழுத்தம் குறையும். அதனால் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். வீட்டாரும் பாவம் என்று வைத்துவிடுவார்கள். அப்படியே இரவு முழுக்கக் கிடந்தால் மூட்டின் பின்பக்கத் திசு அந்த நிலையிலேயே இறுகிவிடும். தலையணையை எடுத்துவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைத் தாங்கலில்லாமல் விட வேண்டும். 5 நிமிடத்தில் தொடங்கி 10, 15 நிமிடம் வரை, நாளுக்கு மூன்று நான்கு தடவை. துண்டை எடுத்த பிறகு தொடையை இறுக்கி, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை. முன்னேற்றத்தைப் பார்க்கக் கருவி தேவையில்லை. கெட்டியான பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முட்டிக்கு அடியிலும் கையை நுழைத்துப் பாருங்கள். ஆபரேஷன் செய்த பக்கம் இடைவெளி அதிகமாக இருந்தால் வேலை பாக்கி இருக்கிறது.

மடக்குவதை அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் 90, மூன்று மாதத்தில் 110 தாண்டினால் நல்ல நிலை. மாடிப்படி ஏற ஏறக்குறைய 90 வேண்டும், தாழ்வான நாற்காலியிலிருந்து எழ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வழவழப்பான தரையில் சாக்ஸ் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னால் இழுப்பதே போதுமான பயிற்சி. முடிந்தவரை இழுத்து, பாதத்தை அங்கேயே ஊன்றிக்கொண்டு உடம்பைச் சற்று முன்னால் நகர்த்தினால் இன்னும் சில டிகிரி கிடைக்கும். ஆறு வாரம் ஆகியும் 90 வரவில்லையென்றால் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்கக் கூடாது. மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை முதல் 12 வாரத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும். அதன்பின் உள்தழும்பு கெட்டியாகிவிடும்.

வலி மாத்திரையை பயிற்சி முடிந்து வலித்த பிறகு போடுவது வீண். அரை மணி, முக்கால் மணி முன்னாலேயே போட்டுவிட்டு, பயிற்சி முடிந்ததும் ஐஸ் வைக்க வேண்டும். மடித்த துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம். கீறலைச் சுற்றித் தோல் மரத்திருப்பதால் நேரடியாக வைத்தால் குளிர் சுடுவதே தெரியாது. டிராமடால் வகை மாத்திரை எழுதியிருந்தால் மலச்சிக்கலுக்கும் முதல் நாளிலேயே மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். பயிற்சி அதிகமாகிவிட்டதா என்பதை மறுநாள் காலை வீக்கம் சொல்லும். முந்தின இரவைவிடக் கூடியிருந்தால் அன்று பாதியாகக் குறைக்கலாம், ஆனால் நிறுத்தக் கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை ராத்தூக்கம் கெடும். இதை ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் சொல்லி அனுப்புவதில்லை. அதனால் ஏதோ தப்பாகிவிட்டது என்று வீடே பயந்துபோகிறது.

வாக்கரின் உயரம் தப்பினால் முதுகும் தோளும் வலிக்கும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், ஈரமான பாத்ரூமில் வழுக்குவது அங்கேதான். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியதும் பாதிப்பேர் ஆபரேஷன் செய்த பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடித்தால்தான் மூட்டுக்குப் பாரம் குறையும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

செலவு விஷயத்துக்கு வருவோம். கமோடு மேல் வைக்கும் 4 அங்குல உயர்த்தி, குளிக்க ஒரு ஸ்டூல், சுவரில் கைப்பிடி, கை வைத்த உயரமான நாற்காலி: இவை ஒவ்வொன்றும் கொடுத்த காசுக்கு உழைக்கும். பாத்ரூமில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கும் வீட்டில் ஆபரேஷன் தேதிக்கு முன்பே மாற்று ஏற்பாடு வேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு கொத்தனாரைத் தேட முடியாது. தானாக மடக்கி நீட்டும் மெஷினை வாடகைக்கு எடுப்பது வீண். நோயாளி படுத்திருக்க மெஷின் வேலை செய்கிறது, தசைக்கு எதுவும் கிடைப்பதில்லை. முட்டியில் மாட்டும் இறுக்கமான உறையும் (நீ-கேப்) வேண்டாம்.

அடுத்தது பத்தியம். புண் ஆறும்வரை முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி ரசம் சாதம் மட்டும் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஆறுவதற்குப் புரதம் வேண்டிய நேரத்தில் அதையே பிடுங்குகிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவை, முட்டையை அல்ல. கீறல் மேல் மஞ்சள், தைலம் எதுவும் கூடாது. எண்ணெய் தேய்த்து உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் ஆரம்ப வாரங்களில் வீக்கத்தைக் கூட்டும்.

தையலோ ஸ்டேபிள் பின்னோ 12 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதன் பிறகும் கசிவு இருந்தால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாமல் நேராக ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும் முன் ஆன்டிபயாடிக் உள்ளே போனால் என்ன கிருமி என்று கண்டுபிடிப்பது சிரமம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று தானாக நிறுத்தக் கூடாது.

ஓராண்டு கழித்து எப்படி இருக்கும்? பழைய தேய்மான வலி பெரும்பாலானவர்களுக்குப் போயிருக்கும். எல்லாருக்கும் அல்ல. எக்ஸ்-ரே அழகாக இருந்தும் திருப்தியில்லாதவர்கள் கணிசமாக உண்டு. முட்டி தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது ஆறு மாதம் வரை சகஜம், சாயங்கால வீக்கம் ஓராண்டு வரை. செயற்கை மூட்டின் உலோகப் பகுதி அதன் பிளாஸ்டிக் பகுதியில் தட்டும் 'டக்' சத்தம் வலியில்லாமல் வந்தால் பயமில்லை. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு திட்டு மரத்தே இருக்கும். கீறும்போது சிறு தோல் நரம்பு வெட்டுப்படுவதுதான் காரணம். திட்டு சுருங்கும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். மண்டியிடுவது மூட்டைக் கெடுக்காது, ஆனால் பலருக்குக் கூசும். சம்மணம், குத்துக்கால் இரண்டையும் பெரும்பாலான மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். ஆழமாக மடங்கும்போது பிளாஸ்டிக்கின் ஓரத்தில் பாரம் குவிகிறது. அதிகம் மடங்கும் என்று விற்கும் 'ஹை ஃபிளெக்ஸ்' மூட்டு போட்டால் தரையில் உட்காரலாம் என்ற நம்பிக்கையில் கூடுதல் பணம் கட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியதோ, பின்னாலும் அதையொட்டித்தான் மடங்கும்.

மூட்டின் ஆயுள் பற்றிய பயம் சற்று மிகை. 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, முழு முழங்கால் மூட்டு மாற்றுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டு தாங்குவதாகக் கணித்தது. விலையும் முன்போல் இல்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை ஆணையம் கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவை மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது (ஜிஎஸ்டி தனி), பிறகு அது அவ்வப்போது சற்று மாறியது. பில்லில் மூட்டின் விலை தனியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரும் ஸ்டிக்கரில் மூட்டின் பெயர், அளவு, பேட்ச் எண் எல்லாம் இருக்கும். பின்னாளில் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற நேர்ந்தால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று அதுதான் சொல்லும். நாளானால் எழுத்து மங்கிவிடும், ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்துவிடுங்கள்.