நீலகிரிச் சரிவில் பழைய டிராக்டர்: ஹைட்ராலிக் எண்ணெயும் அதன் கோளாறுகளும்

கேத்தி, நஞ்சநாடு, இத்தலார் பக்கத்துக் காய்கறி நிலங்களில் ஓடும் 35 குதிரைத்திறன் பழைய மாஸி ஃபெர்குசன் வகை வண்டிகளைப் பற்றிய அனுபவம் இது. பல போகம் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்ல முடிவது: இதன் ஹைட்ராலிக் பம்ப் (எண்ணெய் அழுத்தத்தால் கலப்பையைத் தூக்கும் பம்ப்) லேசில் சாகாது, மலையில் முதலில் கெடுவது எண்ணெய்தான். "கலப்பையைத் தூக்க மாட்டேங்குது" என்றவுடன் சீட்டைக் கழற்றி மேல்மூடியைத் திறக்கக் கிளம்பாதீர்கள். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி, நுனியில் இருப்பதை விரலில் தேய்த்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், ஏறத்தாழ 30 லிட்டர். நான்கு பிஸ்டன் பம்ப் அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. இதன் கட்டுப்பாட்டு வால்வு உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், தூக்க வேலை இல்லாதபோது பம்ப் எண்ணெயைத் தள்ளுவதே இல்லை. எண்ணெய் வீணாகச் சூடாகாது என்பதால் நல்ல அமைப்புதான். ஆனால் நம் ஊரில் அதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. சமவெளியில் நாள் முழுக்க உழும் வண்டியில் எண்ணெய் நன்றாகச் சூடேறி, உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிவிடும். இங்கே சின்னச் சின்னப் படிமட்டத்தில் அரைமணி நேரம் உழுதுவிட்டு நிறுத்துகிறோம். இரவில் குளிர்ந்த இரும்புக்குள் ஈரக்காற்று நீராகப் படிந்து, அப்படியே எண்ணெயோடு கலக்கிறது. ஜூன் தொடங்கி மஞ்சு மூடிக்கிடக்கும் மாதங்களில் இது தினமும் நடக்கிறது.

அதைவிட அதிகமாகத் தண்ணீர் இறங்கும் வழி கியர் லீவரின் அடியை மூடும் ரப்பர் உறையான பூட். வெயிலில் காய்ந்து மடிப்பில் வெடித்துவிட்டால் மழை நேராக கியர்பாக்ஸுக்குள் போகும். பூட்டை விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். மாற்று ரப்பர் கிடைக்கும்வரை பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டலாம். மூன்றாவது வழியை யாரும் கவனிப்பதில்லை: டிப்பர் டிரெய்லர். அதன் தொட்டியைத் தூக்குவதும் ஹோஸ் வழியாகப் போய்வரும் நம் வண்டி எண்ணெய்தான். ஹோஸ் முனையைச் சேற்றில் போட்டுவிட்டுத் துடைக்காமல் மாட்டினாலோ, இன்னொருவர் டிரெய்லரை இரவல் வாங்கி மாட்டினாலோ, அதிலிருக்கும் அழுக்கு எண்ணெய் நம் பெட்டிக்குள் வந்துவிடும்.

எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் சோதனையே வேண்டாம், தண்ணீர்தான். நிறம் லேசாக மங்கியிருந்தால் மட்டும் ஒரு சொட்டைச் சூடான பழைய தோசைக்கல்லில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு போதும். தண்ணீர் கலந்த எண்ணெய் பம்பின் வால்வுகளையும் பேரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும், நுரைக்கும், கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் நடுங்கும்.

மாற்றும் முறை: வண்டியைச் சமதரையில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் இன்ஜினை ஓட்டாமலே எண்ணெய் இறக்கும் அடித் திருகான ட்ரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால், பிரிந்து அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். தண்ணீர் நின்று எண்ணெய் வந்ததும் பிளக்கை மூடி, அரைமணி ஓட்டிச் சூடேற்றி, பிறகு முழுவதும் இறக்குங்கள். ட்ரெயின் பிளக் ஒன்றுக்கு மேல் இருக்கும். கியர்பாக்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் திறந்துவிட்டு முடிந்தது என்று நினைத்தால் பழைய எண்ணெய் பின்பெட்டியில் தங்கிவிடும். பிளக்கின் நுனியில் ஒட்டிய இரும்புத்தூளைப் பாருங்கள்: மாவு போலிருந்தால் வழக்கமான தேய்மானம், சில்லு சில்லாக இருந்தால் கியரைச் சோதிக்க வேண்டும். உறிஞ்சும் பக்க ஸ்ட்ரெய்னரை (வடிகட்டியை) டீசலில் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். டீசலை உள்ளே ஊற்றி வண்டியை ஓட்டி அலசுவது வேண்டாம். அந்த மெல்லிய திரவத்தில் பம்பின் பிஸ்டன்கள் கீறிக்கொள்ளும். எண்ணெய் ரொம்பவும் பால் நிறமாக இருந்தால், விலை குறைந்த எண்ணெயை ஊற்றி, 20 மணி நேரம் லேசான வேலை மட்டும் பார்த்து, அதையும் இறக்கிவிட்டு நல்ல எண்ணெய் ஊற்றுவதே முறை.

எந்த எண்ணெய்? 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. ஜனவரி நீர்ப்போகத்துக்கு உழும்போது காலையில் தரை வெள்ளையாக உறைந்திருக்கும். அந்தக் குளிரில் 90 நம்பர் எண்ணெய் தேன் போலக் கெட்டிப்பட்டு நிற்கும், பம்பால் உறிஞ்ச முடியாது, வீல் என்று கத்தும். கியர், ஹைட்ராலிக் இரண்டுக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட யு.டி.டி.ஓ. வகை டிராக்டர் எண்ணெயே பொருந்தும். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டியென்றால் அதைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

இந்தக் குளிரை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். காலையில் தூக்காமல், சூடானதும் தூக்கினால் எண்ணெய் கெட்டி, அல்லது ஸ்ட்ரெய்னர் அடைப்பு. காலையில் நன்றாகத் தூக்கி, இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துபோனால் உள்ளே கசிவு: எண்ணெய் சூட்டில் இளகி, தேய்ந்த இடுக்குகள் வழியாக ஓடுகிறது.

எண்ணெய் மட்டம் பார்ப்பதில்தான் மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறோம். சரிவில் நிற்கும் வண்டியில் டிப் ஸ்டிக் உண்மை சொல்லாது. சமதரை, லிஃப்ட் கைகள் கீழே, டிரெய்லர் சிலிண்டர் முழுக்க இறங்கிய நிலை, இன்ஜின் நிறுத்திப் பத்து நிமிடம்: இந்த நான்கும் சேர்ந்தால்தான் கணக்கு. "மேட்டில் தூக்கவில்லை" என்று இரண்டு மூன்று லிட்டர் கூடுதலாக ஊற்றுபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும்போது அந்த எண்ணெய் கீழ்ப்பக்க அச்சுக் குழாய்க்குள் இறங்கி, ஆயில் சீலை அழுத்தி, டிரம் பிரேக்கில் கசியும். ஒரு சக்கரம் பிடித்து மறு சக்கரம் வழுக்கினால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். நம் பாதைகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பின்சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய்க் கோடு தெரிந்தால் அன்றைய வேலையை நிறுத்துங்கள். சீலும் மாற்ற வேண்டும், எண்ணெய் குடித்த பிரேக் ஷூவும் மாற்ற வேண்டும். கழுவினால் போதாது.

கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். சேறு அடைத்தால் குத்தித் திறந்து வையுங்கள். அதிலிருந்து கருப்பாகச் சொட்டினால் இன்ஜினின் பின் சீல். தேன் நிறமாகச் சொட்டினால் கியர்பாக்ஸ் முன் சீல். துளை அடைந்திருந்தால் அந்த எண்ணெய் கிளட்ச் தட்டில் ஏறும், ஏற்றத்தில் வழுக்கும்.

எண்ணெய் சரி, மட்டம் சரி, ஆனாலும் கோளாறு இருக்கிறது என்றால் இப்போதுதான் உள்ளே பார்க்கும் நேரம். கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். இரவு முழுக்க மெல்ல இறங்கினால் பழைய வண்டிக்கு அது நோயல்ல. ஐந்து நிமிடத்தில் தரையைத் தொட்டால், அல்லது இன்ஜின் ஓடும்போது தூக்கி நிறுத்திய கலப்பை நிற்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தால், சிலிண்டர் பக்கம் கசிகிறது. இறங்க இறங்கக் கட்டுப்பாட்டு வால்வு திரும்பத் திரும்பத் தூக்குவதால்தான் அந்தத் தலையாட்டம். கசிவு எங்கே என்று பார்க்க, சில லிட்டர் இறக்கிவிட்டு, டிப் ஸ்டிக் இருக்கும் வலப்பக்க மூடியைக் கழற்றுங்கள். பாரத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. முட்டு பாரத்தைத் தாங்காமல் ஓர் அங்குலம் தள்ளி இருக்கட்டும். இன்ஜினை அணைத்து டார்ச் அடித்தால் எண்ணெய் ஒழுகும் இடம் தெரியும்: மேலே சிலிண்டரிலிருந்தா, பம்பையும் மேல்மூடியையும் இணைக்கும் நிற்குழாயின் ஓ-ரிங்கிலிருந்தா, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்விலிருந்தா. நிற்குழாய் ஓ-ரிங் மட்டும் என்றால் வேலை சின்னது. சிலிண்டர் என்றால் மேல்மூடியை இறக்க வேண்டும். அதன் கனத்துக்குச் செயின் பிளாக் நல்லது. சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் கீறல் இருந்தால் புது ஓ-ரிங் போட்டும் பயன் இல்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். மறுபடி மூடும்போது கட்டுப்பாட்டு உருளைகள் பம்பின் லீவரில் சரியாக அமர்ந்தனவா என்று பக்கமூடி வழியாகப் பார்த்துவிட்டே போல்ட்டை இறுக்குங்கள். இதைத் தவறவிட்டால் எல்லாம் புதிதாக இருந்தும் லிஃப்ட் அசையாது.

டிரெய்லர் ஹோஸில் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேலான அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தப்பித்தவறி கையில் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி, "ஹைட்ராலிக் எண்ணெய் ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

உழும்போது கலப்பை ஆழம் நிற்காமல் மேலும் கீழும் போனால் எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள். கலப்பையை மேலே பிடிக்கும் தண்டான டாப் லிங்க் மாட்டும் இடத்துப் பெரிய ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, கையால் சுழல வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றித் துரு நீக்கி, கிரீஸ் வைத்து, கிழிந்த ரப்பர் மூடியை மாற்றிப் பூட்டுங்கள். கல் அதிகமுள்ள நிலத்தில் அந்த ஸ்பிரிங் உணர்ந்து தூக்கினால்தான் கலப்பையின் கொத்து வளையாமல் தப்பும்.