நதியும் ந்தியும்: தமிழ்99 விசைப்பலகையோடு 14 ஆண்டுகள்

கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள், ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்ப அடித்தால் தமிழாக மாறிவிடும் முறையையே பயன்படுத்தினேன். 2011ஆம் ஆண்டு தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அன்றிலிருந்து வலைப்பூவுக்கான கட்டுரைகள், விண்ணப்பக் கடிதங்கள், உறவினர் வீட்டு அழைப்பிதழ்கள் என எல்லாவற்றையும் அதிலேயே அடித்து வருகிறேன். இந்தப் பகிர்வு அந்த விசைப்பலகையைப் பற்றியதுதான். ஆனால், எழுத்தை உள்ளிடுவதும் அது கோப்பில் சேமிக்கப்படுவதும் திரையில் காட்டப்படுவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. எனவே, "தமிழ் உடைந்து தெரிகிறதே, என்ன செய்வது?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோதெல்லாம் நான் கற்றுக்கொண்டவையும் இதில் சேர்ந்தே வரும்.

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டு, அதே ஆண்டில் தமிழக அரசால் ஏற்கப்பட்டது இந்த விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருப்பதால், தமிழில் அடிக்கும்போது இரு கைகளும் மாறி மாறி இயங்கும். 'ஷிப்ட்' விசையைத் தொடவேண்டிய தேவை கிரந்த எழுத்துகளுக்குத்தான் வரும். ஒலிபெயர்ப்பு முறையில் ன, ண, ந ஆகிய மூன்றுக்கும் ல, ள, ழ ஆகிய மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்தைப் பெரியதாக அடிப்பது என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசித்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

முதல் மூன்று வாரங்கள் கடினமாகவே கழிந்தன. பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய கடிதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. விசைகளின் மேல் ஒட்டும் தமிழ் எழுத்து வில்லைகளை வாங்கி ஒட்டினேன். அது தவறான யோசனை என்று பிறகு தெரிந்தது, ஏனெனில் கண் விசைப்பலகையை விட்டு நகர மறுத்தது. வில்லைகளைப் பிய்த்தெறிந்து, அச்சிட்ட விசைப் படம் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிய பிறகே விரல்கள் தாமாகப் பழகின. நான்காவது வாரத்தில் பழைய வேகம் திரும்பியது. மூன்றாவது மாதத்தில் அதைக் கடந்துவிட்டேன்.

இந்த வேகத்துக்குக் காரணம் புள்ளி தானாக விழுவதுதான். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும்: அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளில் 'அம்மா' முடிந்துவிடுகிறது. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ந, த என்று அடித்தால் 'ந்த' என்றாகும். தமிழ்ச் சொற்களில் இரட்டித்த மெய்யும் இனவெழுத்துச் சேர்க்கையும் எத்தனை முறை வருகின்றன என்பதை, இந்த விசைப்பலகையில் அடித்துப் பார்க்கும் வரை நான் கவனித்ததே இல்லை. இலக்கண வகுப்பில் உறங்கிய எனக்கு இது காலம் கடந்து கிடைத்த பாடம்.

இதே வசதிதான் தொல்லையும் தருகிறது. 'நதி' என்று எழுத நினைத்து ந, த, இ என்று அடித்தால் 'ந்தி' என்று வந்து நிற்கும். 'மமதை' என்பது 'ம்மதை' ஆகிவிடும். முதல் மெய்யை அடுத்து அகர விசையை ஒருமுறை தட்டிவிட்டுத் தொடர்ந்தால் புள்ளி விழாது. சொல்லிவிட்டால் மிக எளிது. ஆனால் இதைச் சொல்ல ஆளில்லாமல், விசைப்பலகையே பழுது என்று எண்ணிக் கைவிட்ட இருவரை எனக்குத் தெரியும்.

நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்த இன்னொரு குறை, தமிழ் நிலையில் இருப்பதை மறந்துவிட்டுக் கடவுச்சொல்லை அடிப்பது. பெட்டியில் வெறும் கரும்புள்ளிகளே தெரியும் என்பதால் தவறு கண்ணுக்குப் படாது. சரியான கடவுச்சொல்லைக் கணினி ஏற்க மறுக்கிறது என்று தோன்றும். மூன்றுமுறை முயன்று கணக்கு பூட்டிக்கொண்ட பிறகு என் மனைவி அந்தக் கணினியைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். இப்போது ஐயம் வந்தால் முதலில் பயனர் பெயர்ப் பெட்டியில் ஓர் எழுத்தை அடித்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, விண்டோஸில் இருந்தவரை என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 பயன்படுத்தினேன். அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தபோது, என் பழைய மடிக்கணினியின் சுழலும் வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன். மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டிருந்த இயந்திரம் அரை நிமிடத்துக்குள் எழுந்து நின்றது. அங்கே ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பும் பல மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பும் இருந்தால் தமிழ்99 கிடைத்துவிடும். என்னைச் சோதித்தது லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள்தான். தமிழ்ப் பத்தியைத் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றினால் எதுவுமே மாறாதது போலிருக்கும். தமிழ் அதன் கணக்கில் சிக்கலான எழுத்தமைப்பு என்ற வகையைச் சேர்ந்தது என்பதும், அந்த வகைக்கான எழுத்துருவும் அளவும் தனியே அமைக்கப்பட வேண்டும் என்பதும் தெரிவதற்கு இரண்டு நாள் பிடித்தது. எழுத்தின் அளவைக் கூட்டினாலும் தமிழ் மட்டும் பெரிதாகவில்லை என்று யாரேனும் சொன்னால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பிறர் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாதி கணினியின் கோளாறே அல்ல. எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் ஓரளவு தெரிந்துவிடும். 'தமிழ்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றால், அது பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்ட கோப்பு. அதில் இருப்பது உண்மையில் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் வரையப்பட்ட எழுத்துரு போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது. இப்படிப்பட்ட கோப்பை ஒருங்குறிக்கு (தமிழ்க் குறியீடுகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறைக்கு) மாற்றித்தரும் மென்பொருளில் பாமினி என்று தேர்ந்தெடுத்து மாற்றினால் சரியாகிவிடும். அச்சகத்தில் பல ஆண்டுகள் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) வேலை பார்த்த பெரியவர் ஒருவரின் கோப்புகளை இப்படி மாற்றிக்கொடுத்தேன். மாற்றுவது ஒரு நொடி வேலை. பிழை திருத்துவதற்கு இரண்டு மாதங்கள் ஆயின. கட்டுரைக்கு நடுவே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் பொருளற்ற தமிழாக மாறியிருந்தன. எது போர்த்திய ஆங்கிலம், எது அசல் ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது அல்லவா? எனவே, மூலக் கோப்பை அழிக்காமல், அதே எழுத்துருவில் அச்சிட்ட படியொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வரி முழுதும் வந்தால் கலங்கவே வேண்டாம். அது முறையான ஒருங்குறித் தமிழ்தான். ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் வழிகளில் ஒன்றான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் மேலை ஐரோப்பிய எழுத்துகளாகத் தனித்தனியே படிக்கும் செயலியில் இப்படித் தெரியும். தரவுகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பை விரிதாளில் நேரடியாக இரட்டைச் சொடுக்கித் திறப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தரவை இறக்குமதி செய்யும் வழியாகச் சென்று யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் தமிழ் திரும்பிவிடும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவினால் போதும்.

கண்ணுக்கே தெரியாமல் உடைந்திருக்கும் எழுத்துகளும் உண்டு, வலைப்பூ எழுதுபவர்களை மிகவும் படுத்துபவை அவையே. 'கௌரவம்' என்ற சொல்லில் ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்தும் அடித்துக் 'கெளரவம்' என்று எழுதினால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சரியாக அடித்துத் தேடுபவருக்குக் கட்டுரை அகப்படாது. என் பழைய கட்டுரைகளில் இப்படி ஏராளமாக இருந்ததைக் கண்டு, கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரக் குறியாக மாற்றிவிட்டேன். வெள்ளம், தெளிவு, கெளுத்தி என ளகரம் நியாயமாக இருந்த சொற்கள் அத்தனையும் சிதைந்து, திரையெங்கும் புள்ளியிட்ட வட்டங்கள் முளைத்தன. ஆற்று மீன்களைப் பற்றிய கட்டுரை ஒன்று வாசிக்கத் தகாததாகிவிட்டது. காப்புப் பிரதி இருந்ததால் தப்பினேன். மௌனம், பௌர்ணமி, சௌக்கியம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி மாற்றுவதுதான் வழி, குறுக்குவழி கிடையாது. எண் 1க்கான தமிழ்க் குறியான '௧' ககரத்துக்குப் பதிலாகவும், 7க்கான '௭' எகரத்துக்குப் பதிலாகவும் புகுந்துவிடுவதும் இந்த வகைத் தொல்லையே.

எழுத்தோடு தொடர்பில்லாத, ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்று உலாவி எச்சரித்தால், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணினியின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் உலாவி அவற்றை நம்பாது. சில பத்து ரூபாயில் தீரவேண்டிய இதற்காக இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவியவரை நான் பார்த்திருக்கிறேன்.

காப்புப் பிரதியின் அருமையைப் பிறர் நடத்தும் சேவைகள் எனக்குக் கற்றுத்தந்தன. வலைப்பூக்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளமும் போனது. அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை, என் வலைப்பூ இருக்கும் பிளாகர் தளத்திலிருந்து என் கட்டுரைகளின் எக்ஸ்எம்எல் கோப்பைத் தரவிறக்கி, ஒரு படியை வெளித்தட்டிலும் ஒரு படியைத் தங்கை வீட்டிலும் வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும் என்பதால், படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

காப்புப் பிரதியாலும் மீட்க முடியாதது ஒன்றுண்டு. ஒருங்குறியை அறியாத ஆன்சி முறையில் தமிழைச் சேமித்தால், ஒவ்வொரு குறியீட்டின் இடத்திலும் ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிடும். மற்ற உடைசல்களில் தகவல் உள்ளே பத்திரமாக இருக்கும். இதில் தகவலே போய்விடுகிறது. எந்த மாற்றியும் உதவாது. எத்தனை படி எடுத்தாலும் கேள்விக்குறிகளையே படியெடுப்போம். சேமிக்கும் பெட்டியில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என நான் இன்றும் ஒவ்வொரு முறையும் பார்ப்பது 2010இல் நேர்ந்த இழப்பினால்தான். ஏரி மடைகளைப் பல்லாண்டு காத்த நீர்க்கட்டி ஒருவர் இரண்டு மாலைப்பொழுதுகள் சொல்லச் சொல்ல நான் அடித்த குறிப்புகள் அவை. எச்சரிக்கைப் பெட்டி தோன்றியபோது படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். மீண்டும் கேட்கலாம் என்று நினைத்திருந்த நாளில் அவர் இல்லை.

அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எண்களும் காற்புள்ளிகளும் சொற்களுக்கு இடையிலான வெளிகளும் அப்படியே நிற்கின்றன. சொற்களின் நீளத்தைக்கூட எண்ணிவிடலாம். இரண்டாம் பக்கத்தில் 1977 என்ற ஆண்டும், அதையடுத்து ஏழு கேள்விக்குறிகளும் இருக்கின்றன. 'வெள்ளம்' என்ற சொல்லுக்கு ஒருங்குறியில் ஏழு குறியீடுகள். 'தண்ணீர்' என்பதற்கும் ஏழுதான்.