ரஸ்டா, ஸிக்கா?
பைத்தான், ஜாவா என்று பல வருடம் ஓட்டியவர் மெமரியை நேரடியாகக் கையாளக் கற்க நினைத்தால், இன்று கண்ணில் படுபவை ரஸ்ட், ஸிக் என்ற இரண்டு நிரல்மொழிகள்.

ஒரு சின்னச் சோதனை. ஒரு வெக்டரின் (நீளக்கூடிய பட்டியல்) முதல் உறுப்புக்கு ரெஃபரன்ஸ், அதாவது அது இருக்கும் முகவரியை, எடுத்து வைத்துக்கொண்டு, அதே வெக்டரில் இன்னொன்றைச் சேருங்கள். அப்புறம் அந்த ரெஃபரன்ஸைப் படியுங்கள். இடம் போதாவிட்டால் வெக்டர் வேறு இடத்துக்குக் குடிபெயரும். பழைய முகவரி செல்லாக்காசு. ரஸ்ட் இதைக் கம்பைல் ஆகவே, அதாவது ஓடக்கூடிய வடிவுக்கு மாறவே, விடாது. ஸிக்கில் இதற்கு இணையான நிரல் கம்பைல் ஆகிவிடும். தவறு ஓடும்போதுதான் வெடிக்கும், சில நேரம் வெடிக்காமல் பதுங்கியும் இருக்கும். ரஸ்ட் கம்பைலரை நான் திட்டாத நாளில்லை. ஆனால் அது மறித்த இடங்களில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஸிக்கில் மெமரி தேவைப்படும் ஃபங்ஷனுக்கு அலகேட்டரை (மெமரியை ஒதுக்கித் தரும் பகுதி) நாமே கொடுப்பது வழக்கம். அதனால் எங்கே மெமரி ஒதுக்கப்படுகிறது என்பது நிரலைப் படித்தாலே தெரியும். சி தெரிந்தவருக்குச் சட்டென்று பிடிபடும். 2016-இல் அறிமுகமான மொழி இன்னும் 1.0 என்ற நிலையான பதிப்பைத் தொடவில்லை என்பதுதான் இடிக்கிறது. பதிப்பு மாறினால் பழைய நிரல் உடையலாம்.

ரஸ்ட் 2015-லேயே 1.0 ஆகிவிட்டது, 2022-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 6.1-க்குள்ளும் நுழைந்தது. வேலைக்கென்றால் ரஸ்ட்தான். மெஷின் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆசை மட்டும்தான் என்றால், சரி, ஸிக்கையே எடுங்கள்.