ஸ்காஃப் போதும் என்று நான் முடிவு செய்த கதை

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இப்போது இருப்பது ஸ்காஃப் (SCOFF) கேள்வித்தாள். அம்பாசமுத்திரத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். வளரிளம் பெண்களிடம் உண்ணல் கோளாறு இருக்கிறதா என்று முதல் பார்வையிலேயே கண்டறிய, நான்கு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே இதற்கு வந்து சேர்ந்தேன்.

எடை பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். சாப்பாட்டைத் தவிர்த்து மெலிந்துபோகும் அனோரெக்சியா முற்றியிருந்தால் எடையே சொல்லிவிடும், அளவின்றிச் சாப்பிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவில் ஏமாற்றிவிடும். வயிற்றெரிச்சல் என்று தாய் அழைத்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, உயரத்துக்கேற்ற எடையில்தான் இருந்தாள். நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னபோது, சுடிதார் கையை விரல் வரை இழுத்து விட்டுக்கொண்டாள். விலக்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முட்டி காய்த்திருந்தது. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கும்போது பல் உராய்ந்து உராய்ந்து வருவது அது. அதற்கு முன் இரண்டு முறை அமிலத்தை அடக்கும் மாத்திரை எழுதி அவளை அனுப்பியதும் நான்தான். இன்றும் அது உறுத்துகிறது.

ஈட்-26 (EAT-26) என்ற கேள்வித்தாள் விரிவானது, நல்லது. ஆனால் காய்ச்சல்காரர்கள் வாசல் வரை நிற்கும் திங்கட்கிழமை காலையில் 26 கேள்விகளுக்கு நேரம் ஏது?

மிச்சம் இஎஸ்பி (ESP) என்ற இன்னொரு கேள்வித்தாளும் ஸ்காஃபும். இரண்டிலும் ஐந்தே கேள்விகள். இஎஸ்பி மென்மையாகக் கேட்பதால் முதலில் அதைத்தான் எடுத்தேன். நம் ஊர்ப் பேச்சில் கேட்டபோதுதான் இடறியது. 'நீ சாப்பிடும் முறை உனக்குத் திருப்தியா?' என்றால், வீட்டுச் சமையலைக் குறை சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துத் திருப்தி என்றுவிடுகிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது உண்ணல் கோளாறு உண்டா, உனக்கு முன்பு இருந்ததா என்று இரண்டு கேள்விகள். நோய்க்கே பெயர் தெரியாத வீட்டில் யார் ஆமாம் என்பார்கள்? அத்தை வருடக்கணக்கில் ஒருவேளைதான் சாப்பிட்டாள் என்றால், அது விரதம் என்றே சொல்லப்படும்.

லண்டனில் உருவாகி 1999இல் வெளியான ஸ்காஃப், நோயின் பெயரைக் கேட்பதில்லை. செய்வதையும் நினைப்பதையும் கேட்கிறது. ஆனாலும் அப்படியே மொழிபெயர்த்தால் பயன் இல்லை. 'வாந்தி வருமா?' என்றால் பித்த வாந்தியைச் சொல்வார்கள். 'வயிறு முட்டிவிட்டதே என்று நீயாகவே வாந்தியை வரவழைப்பாயா?' என்று கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு ஸ்டோன் (பிரிட்டிஷ் எடை அளவு), அதாவது சுமார் 6.35 கிலோ குறைந்ததா என்பது இன்னொரு கேள்வி. வீட்டில் எடை பார்க்காத பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அதனால், சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தாயா என்று சேர்த்துக் கேட்கிறேன். மற்ற மூன்றும் சுலபமாகத் தமிழுக்கு வருகின்றன: சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாதோ என்ற கவலை, மற்றவர்கள் ஒல்லி என்றாலும் தான் குண்டு என்ற நினைப்பு, நாள் முழுக்க மனதை ஆளும் சாப்பாடு. தாயை மருந்து வாங்க அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். உளுந்தங்களியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறாள் என்று புலம்பும் தாயின் எதிரில் எந்தப் பெண்ணும் வாய் திறப்பதில்லை.

இரண்டு ஆமாம் வந்தால் சந்தேகம்தான், நோய் உறுதியாகிவிடாது. ஒன்றுமே வராவிட்டாலும் முட்டிக் காய்ப்பையோ கன்ன வீக்கத்தையோ பார்த்தால் விடமாட்டேன். பொட்டாசியமும் இசிஜியும் பார்த்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுக்கிறேன். வாந்தி எடுக்காமல் அளவின்றி உண்பவர்களை ஸ்காஃப் தவறவிடலாம் என்பதால், 'யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவாயா?' என்ற இஎஸ்பி கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டேன். ஆண் பிள்ளைகளிடம் நான் கேட்டது விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர்களுக்கும் இதுவே சரி என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

அந்த மாணவி மூன்றுக்கு ஆமாம் என்றாள். தாய் மருந்துச் சீட்டோடு திரும்புவதற்குள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மாவிடம் நீங்களே சொல்கிறீர்களா, டாக்டரம்மா?"